முசிறிப் பத்திரம்

சேர நாட்டு முசிறித் துறையில் ஏற்றிய சரக்கு, கடலும் பாலைவனமும் நதியும் கடந்து எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா நகரை அடையும் வரையில், எத்தனை கை மாறினும் ஒரு பொதியேனும் மாறாதபடி காப்பதற்கு அக்காலத்து வணிகர் வகுத்திருந்த ஏற்பாட்டை, வியன்னா நகரத்து ஆஸ்திரிய தேசிய நூலகத்திலுள்ள ஒரு பாப்பிரஸ் ஏடு நமக்குத் தெரிவிக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்று, 1985இல் பதிப்பிக்கப்பெற்ற அவ்வேட்டின் ஒரு புறத்தில் கடன் கொடுத்தவருக்கும் வாங்கிய வணிகருக்கும் இடையே நிகழ்ந்த உடன்படிக்கையும், மறுபுறத்தில் 'ஹெர்மாபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த சடாமாஞ்சி, யானைத் தந்தம் முதலிய பண்டங்களின் மதிப்பும் காணப்படுகின்றன. செங்கடல் துறையில் இறங்கிய சரக்கை ஒட்டகக்காரரிடம் ஒப்புவித்து, தக்க காவலோடு பாலைவனத்தைக் கடத்தி, நைல் நதிக்கரைக் கோப்டோஸ் நகரின் அரசாங்கப் பண்டசாலையில் கடன் கொடுத்தவரது முத்திரையின்கீழ் வைத்தல் வேண்டும். பின்னர் நதி மார்க்கமாக அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுசென்று, நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாகப் பெறும் பண்டசாலையிலும் அவ்வாறே முத்திரையிடுதல் வேண்டும் என்பது அவர்கள் செய்துகொண்ட நிபந்தனை.

இவ்வழக்கம் யவனர்க்கு மட்டும் உரியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உரிய பண்டங்களின்மீது சோழரது புலிப் பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறும்.

ஆயினும், பொதி பிரிக்கப்படவில்லை என்பதற்கு முத்திரை சாட்சியாகுமேயன்றி, கணக்கைத் திருத்துவோரை அது தடுக்காது. அக்குறை தீர, ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் அடையாளத்தைத் தன்னுள் தாங்கிநிற்கும் முறையை 1991இல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்னும் இருவர் வெளியிட்டனர். 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளிவந்த பிட்காயின் கட்டுரை அதனைப் பலர் கையிலும் ஒரே பிரதியாக இருக்கும் பேரேடாக விரித்தது. இதுவே பிளாக்செயின்; ஓரிடத்துப் பதிவை ஒருவர் மாற்றினால், ஏனையோர் பிரதிகள் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் இந்த முறையில் 2018இல் தொடங்கிய 'டிரேட்லென்ஸ்' என்னும் சரக்குப் பேரேடு, உலகக் கப்பல் வணிகர் அனைவரின் முழு ஒத்துழைப்பும் கிட்டாமையால் நிறுத்தப்படும் என்று 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. கருவி சிறந்திருந்தும் காரியம் கைகூடாமற்போனதன் காரணத்தை முசிறிப் பத்திரத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். அதில் எந்த இடத்தில், எவர் பொறுப்பில், எவர் முத்திரையின்கீழ்ச் சரக்கு இருக்கும் என்பதை இரு தரப்பாரும் முன்னரே இசைந்து வரையறுத்திருந்தனர். பொய்யாக எழுதிய முதற்பதிவை எந்தப் பேரேடும் மெய்யாக்க மாட்டாது. ஆதலின் இப்புதிய முறையைக் கைக்கொள்ள விரும்பும் வணிகர், கணினியை நாடுமுன் தமக்குள் பொறுப்பை வரையறுத்துக்கொள்வாராக.