ஈசலும் மழைமானியும்: கலவை வட்டாரப் பழங்குடிப் பள்ளிகளில் காலநிலை அறிவியல்

ராணிப்பேட்டை மாவட்டம் கலவையைச் சுற்றி ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. தென்மேற்கே ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைக்கின்றனர். இவ்விரு சமூகங்களின் பிள்ளைகளுக்கும் காலநிலை மாற்றம் என்பது உருகும் பனிப்பாறையாகவும் உயரும் கடலாகவும், தொலைவில் நடக்கும் சங்கதியாகவே அறிமுகமாகிறது. உள்ளூர் எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தால் குறை தீரும் என்பது வழக்கமான பரிந்துரை. அது போதாது. இப்பள்ளிகளில் காலநிலைப் பாடம் முதலில் வளர்க்க வேண்டியது காரணங்களைப் பிரித்தறியும் திறனை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாலாற்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இந்த ஆறு 2021 நவம்பரில் கரைபுரண்டது. வறட்சி, வெள்ளம் இரண்டையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் 1903 நவம்பரிலும் இதே ஆறு வாணியம்பாடியில் பேரழிவு செய்திருக்கிறது. அன்று காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 300 பங்குக்கும் குறைவு. இன்று 420க்கும் மேல். ஒற்றை வெள்ளத்தைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஆனால் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக ஈரம் தாங்கும். அதனால் பெருமழைக்கான வாய்ப்பு கூடுகிறது. இந்த 'வாய்ப்பு' என்ற கருத்தை எட்டாம் வகுப்பு மாணவிக்குப் புரியவைத்தாலே காலநிலை அறிவியலின் பாதி கைவந்துவிடும்.

மறுபாதி இன்னும் முக்கியமானது. பாலாறு வறண்டதில் மணல் கொள்ளைக்கும், மேல்பகுதியில் தேக்கப்படும் நீருக்கும், வரம்பின்றி இறக்கிய ஆழ்துளைக் கிணறுகளுக்கும் பங்குண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் கிணற்று நீர் கெட்டதற்கு வானம் பொறுப்பல்ல. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பொறுப்பு. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்திய சட்டத்தின் பகுதியாக ஏற்றது இந்த மண்ணின் வழக்கில்தான். முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தொழில், 1970களின் ஏற்றுமதிக் கொள்கை மாற்றத்துக்குப் பின் குரோமியத்தை நோக்கி விரைந்தது. இந்த வரலாறும் பாடத்தில் இடம்பெற வேண்டும். எல்லாத் துன்பத்துக்கும் காலநிலை மாற்றமே காரணம் என்று படித்து வளரும் பிள்ளைக்கு அது தலைவிதியின் புதுப்பெயராகிவிடும். குற்றம் செய்தவர் தப்பிவிடுவார்.

மரபறிவையும் இதே கண்டிப்போடு அணுக வேண்டும். ஈசல் புறப்படுவதை வைத்து மழையைக் கணிப்பவர்கள் இருளர். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும், பிழையற்ற ஞானம் என்று போற்றுவதும் பிள்ளையின் சிந்தனைக்கு வேலை வைக்காதவை. அதைச் சோதிக்கத்தக்க கருதுகோளாக எடுத்துக்கொள்வதே அம்மக்களுக்குச் செய்யும் மரியாதை. பள்ளிப் பதிவேட்டில் ஈசல் புறப்பட்ட நாள், அதற்கருகில் மழைமானி காட்டிய அளவு. வானிலைத் துறையின் வழக்கப்படி காலை 8.30க்கு அளந்து, 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்திருந்தால் மழைநாள் என்று குறிக்கலாம். சில ஆண்டுகளில் ஈசல் எத்தனை முறை சரியாகச் சொன்னது என்பது தெரிந்துவிடும். காலநிலைச் சராசரிக்கோ 30 ஆண்டுத் தரவு தேவை. ஆகவே பதிவேடு ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குக் கைமாறிக்கொண்டே போக வேண்டும். வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் இல்லை.

வெப்பநிலையையும் இதேபோல் சோதிக்கலாம். ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர்ச் சமவெளியைவிட ஏறத்தாழ 500 மீட்டர் மேலே. உயரம் கூடக்கூட வெப்பம் குறையும் கணக்குப்படி சுமார் 3 டிகிரி குளிர்ச்சி. மலைப்பள்ளியும் கலவைப் பள்ளியும் ஒரே நேரத்தில் வெப்பநிலையை அளந்து பரிமாறிக்கொண்டால் கணக்கைப் பிள்ளைகளே சரிபார்க்கலாம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு: இருளர் பிள்ளைகள் பள்ளியில் தங்கினால்தானே? பொங்கலுக்குப் பின் பல குடும்பங்கள் முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்குப் போய்விடுகின்றன. பருவம் தப்பிய மழையில் சுடாத செங்கல் கரைகிறது, கூலி நிற்கிறது, கடன் மட்டும் நிற்காமல் வளர்கிறது. இங்கும் காரணத்தைப் பிரிக்க வேண்டும். மழை கூலியை நிறுத்துகிறது, அடிமையாக்குவது முன்பணம். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்ட மரம்வெட்டும் இடங்களிலிருந்து இருளர் 42 பேர் மீட்கப்பட்டனர். இடம்பெயர்வதாலேயே இப்பிள்ளைகளைப் பாடத்திலிருந்து விலக்கக் கூடாது. சூளையருகே உள்ள பள்ளி அவர்களைத் தடையின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழைக் குறிப்பேடும் அவர்களோடு பயணிக்க வேண்டும்.

பழங்குடியினர் நலத்துறையும் பள்ளிக் கல்வித்துறையும் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிப்பதல்ல. உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் இருளர் பிள்ளைகள் படிக்கும் ஊராட்சிப் பள்ளிகளிலும் ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி, ஒரு நிலையான பதிவேடு வைக்கட்டும். அப்பதிவேட்டை மாவட்டப் பேரிடர் திட்டத்தில் சான்றாக ஏற்கட்டும். வரும் ஆடி மாதத்திலேயே இதைத் தொடங்கலாம்.