ஒரு பணிக்குழுவும் ஒரு நாட்டின் வரலாறும்

வரலாற்றை ஆராய்வோர் ஆவணங்களை நாடுவது முறையே. ஆனால் அநீதி இழைத்தவரே ஆவணத்தையும் எழுதியிருப்பின், எதனை நம்புவது? சோவியத் நாட்டின் கட்டாய உழைப்பு முகாம்களைப் பற்றிக் கற்கும் எவருக்கும் இவ்வினா எழும். அலெக்சாண்டர் சொல்செனிட்சின் எழுதிய 'இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்' என்னும் குறுநாவல் இதற்குத் தரும் விடையை ஈண்டு நோக்குவோம்.

ஸ்டாலினைக் குறைகூறிக் கடிதம் எழுதியதற்காக 1945இல் கைதான சொல்செனிட்சின் எட்டாண்டுத் தண்டனை பெற்றார். கசக்ஸ்தானிலுள்ள எகிபாஸ்டுஸ் முகாமில் கொத்தனாராக உழைத்த அனுபவமே நாவலின் அடித்தளம். 1962 நவம்பரில், குருஷேவின் இசைவோடு 'நோவி மீர்' இதழ் அதனை வெளியிட்டது.

கதை நிகழ்வது 1951 சனவரியில் ஒரே நாள். பெருநிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆயினும் 104ஆம் பணிக்குழுவினரை ஒவ்வொருவராக நோக்கின், நாட்டின் வரலாறே அணிவகுத்து நிற்கக் காண்கிறோம். குழுத்தலைவர் டியூரின், 'குலாக்' எனப்பட்ட குடியானவரின் மகன் என்பதற்காக 1930இல் படையிலிருந்து விலக்கப்பட்டவர். எஸ்தோனியர் இருவர், 1940இல் சோவியத்தோடு இணைக்கப்பட்ட நாட்டினர். கடற்படை அதிகாரி புய்னோவ்ஸ்கி, பிரிட்டிஷ் அட்மிரல் ஒருவர் அனுப்பிய நன்றிப்பரிசினால் குற்றவாளியானவர். முதன்மைப் பாத்திரமான சுகோவ், செர்மானியரிடம் பிடிபட்டுத் தப்பி வந்த போர்வீரர். கோப்பின்படி அவர் உளவாளி. அவருடைய கையொப்பமும் அதில் உண்டு. ஒப்பமிட மறுத்திருந்தால் உயிரே போயிருக்கும் என்பது கோப்பில் இல்லை, நாவலில்தான் உண்டு.

உற்பத்திக் கணக்கும் அவ்வாறே. முடித்த வேலையின் விழுக்காட்டைப் பொறுத்தே ரொட்டியின் அளவு. ஆகவே, கணக்கைத் திறமையாக எழுதுவிக்கும் குழுத்தலைவரே குழுவின் உயிர்நாடி. அரசின் புள்ளிவிவரங்களை ஏன் ஐயத்தோடு படிக்க வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

கதைக்கு எல்லையும் உண்டு. 1930 முதல் 1953 வரை ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பேர் இம்முகாம்களைக் கடந்தனர் என்பதை 1990களில் திறக்கப்பட்ட ஆவணக் காப்பகங்களே நமக்குக் காட்டின. தொகையை நாவல் தர இயலாது. அத்தொகையுள் ஒருவராயிருப்பது யாதென்பதை ஆவணம் தர இயலாது. இரண்டும் வேண்டும்.

இறுதியாக, போதகராகிய நமக்கு ஓர் எச்சரிக்கை. அதே குழுவில் அல்யோஷா என்னும் பாப்டிஸ்டு இளைஞர் இருக்கிறார். விசுவாசத்திற்காக இருபத்தைந்து ஆண்டுத் தண்டனை பெற்றவர்; நற்செய்தியைக் குறிப்பேட்டில் படியெடுத்துச் சுவர்ப் பிளவில் ஒளித்து வைத்திருப்பவர். சிறையையும் அவர் மகிழ்வோடு ஏற்கிறார். அவரைப் பிரசங்கத்தில் எடுத்துக்காட்டுவது நமக்கு எளிது. ஆனால் சுகோவ் அவரிடம், கிறிஸ்துவுக்காக நீர் சிறையிருப்பது சரி, 1941இல் நாடு போருக்கு ஆயத்தமாயிராததற்கு நான் ஏன் சிறையிருக்க வேண்டும் என்னும் பொருள்படக் கேட்கிறார். அவ்வினாவுக்கு அங்கு விடை கிட்டவில்லை. குருவானவரின் மகனும் கோலிமா முகாம்களின் கொடுமையை அனுபவித்துக் கதைகளாக்கியவருமான வர்லாம் ஷாலமோவ், முகாம் எவருக்கும் எந்நன்மையும் கற்பிப்பதில்லை என்றே கருதினார். துன்பம் மனிதரைப் புடமிடும் என்று பிறர் துன்பத்தைக் குறித்துப் பேசுமுன், சுகோவின் வினாவைக் கேட்டு மௌனமாயிருக்க நாம் கற்க வேண்டும்.