தேங்காய் விட்ட பிறகே கடல்

நவி மும்பையின் வாஷி என்றதும் இன்று மொத்தச் சந்தையும் லாரி வரிசையும்தான் நினைவுக்கு வரும். 1970இல் மகாராஷ்டிர அரசு நிறுவனமான சிட்கோ அங்கே புதுநகரம் கட்டத் தொடங்கும்வரை, தாணேக் கழியின் அந்தக் கரை மீனையும் உப்பையும் நெல்லையும் நம்பிய கோலி, ஆக்ரி மக்களுடையது. மழையையும் காற்றையும் முன்கூட்டிச் சொல்லும் அறிவு கோலிகளுக்கு உண்டு என்பார்கள். ஆனால் மும்பைப் பக்கத்துக் கோலிகளிடம் உறுதியாக நிலைத்த வழக்கம் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிராவண மாதப் பௌர்ணமியன்று, நமக்கு ஆவணி அவிட்டம் வரும் அதே நாளில், கடலுக்குத் தேங்காய் விட்டுப் பூசை செய்வார்கள். அதற்குப் பிறகே படகு கடலுக்குப் போகும். நாரளி பௌர்ணமி என்று அதற்குப் பெயர். நாளை புயலா என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. எதுவரை போகக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறது. நம் ஊர்க் கர்ப்போட்டத்தை இதனோடு ஒப்பிடலாம். மார்கழி மேகத்தைப் பார்த்து ஆறரை மாதம் கழித்துப் பெய்யப்போகும் மழையைச் சொல்லும் துணிச்சல் அது. 195 நாள் என்ற கணக்கு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே இருக்கிறது. அது தவறினால் விதைத்தவன் நட்டப்படுவான். பௌர்ணமி விதி தவறினால் சில நாளோ சில வாரமோ வருமானம் போகும், உயிர் போகாது.

சந்திரக் கணக்கில் வரும் நாளுக்கும் காற்றுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 2020இல் அந்தப் பௌர்ணமி ஆகஸ்ட் 3, 2023இல் ஆகஸ்ட் 30. கடல் பஞ்சாங்கம் பார்ப்பதில்லைதான். ஆனால் மும்பையில் மழை உச்சம் தொடுவது ஜூலையில். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியதும் 2005 ஜூலை 26இல்தான். பௌர்ணமி எவ்வளவு முந்தி வந்தாலும் ஏறக்குறைய அந்த உச்சம் கடந்துவிடுகிறது. அதற்கு மேல் விலகாதபடி, இடையிடையே கூடுதலாகச் சேர்க்கும் அதிக மாதம் கணக்கை இழுத்துப் பிடிக்கிறது. செயற்கைக்கோள் இருக்கும்போது இது எதற்கு என்பது இன்னொரு கேள்வி. செயற்கைக்கோள் நாளைய அபாயத்தைச் சொல்லும்; பக்கத்துப் படகு போவதைப் பார்த்தும் கரையிலேயே இருக்கும் கட்டுப்பாட்டை அது தராது. ஊரே சேர்ந்து காத்திருந்தால்தான் அது நடக்கும், முட்டையிடும் மீனுக்கும் அவகாசம் கிடைக்கும். மகாராஷ்டிர அரசே ஒரு காலத்தில் மீன்பிடித் தடையை ஆகஸ்ட் 15 அல்லது நாரளி பௌர்ணமி, எது முந்தியதோ அதுவரை என்று வைத்திருந்தது. பின்னர் அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாறியது. சட்டம் திறந்துவிட்ட பிறகும் தேங்காய்க்காகக் காத்திருந்த கோலிப் படகுக்கு 2020இல் இழப்பு இரண்டே நாள். 2023இல் ஏறத்தாழ ஒரு மாதம்.