கடலச்சமும் வானச்சமும்

செராஸ் சாலையோரத்துப் பழைய வீட்டு வரிசைகளில் வாழ்ந்தோர்க்கு ஆகாய விமானம் ஓர் அதிசயப் பொருளன்று. சற்றே மேற்கில் சுங்கை பீசி விமானத் திடல் இருந்தது. 1947-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி மலாயன் ஏர்வேஸ் கம்பெனியார் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்கு ஒழுங்கான வான்வழிப் போக்குவரத்தைத் தொடங்கிய காலத்தில் பறந்த சிறு விமானம் ஐந்தே பிரயாணிகளைச் சுமந்தது. சுபாங்கில் 1965-இல் புதிய நிலையம் திறக்கப்படும்வரை தலைநகரின் வானவாயில் சுங்கை பீசியே. அதன் பின்னரும் 2018 வரை விமானப்படையினர் அங்கிருந்தனர். ஆகவே செராஸ் வாசிகள் தலைமேல் விமானம் இரையாத நாளை அறியார். எனினும், அண்ணாந்து பார்த்தல் வேறு, ஏறி அமர்தல் வேறு என்பதை நாம் 1986-இல் ஒரு மூதாட்டியிடம் கற்றுக்கொண்டோம். அதனைச் சொல்லுமுன் அவருடைய அச்சத்துக்கு மூத்த அச்சம் ஒன்றைச் சொல்லவேண்டும். அது கடலச்சம்.

சோழன் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்தினான் என்று நம்மவர் மேடைதோறும் முழங்குகின்றனர். முழங்கட்டும். ஆனால் அதே நாட்டிலேதான் கடலைத் தாண்டினவன் சாதியிழந்தான் என்னும் விதியும் வழங்கிற்று. போதாயனருடைய தர்ம சூத்திரம் சாதியிழப்புக்குரிய பாவங்களில் கடற்பிரயாணத்தை வைக்கின்றது. 1888-இல் காந்தியடிகள் சட்டம் பயில இங்கிலாந்து செல்லப் புறப்பட்டபோது, பம்பாயிலிருந்த அவர் சாதிப் பெரியவர்கள் கூடி அவரைச் சாதியினின்றும் விலக்கினர். கணித மேதை இராமாநுசன் 1914 மார்ச்சு 17-இல் சென்னையில் கப்பலேறுமுன், அன்னையின் சம்மதம் பெற ஒரு கனவு வேண்டியிருந்தது. நாமகிரித் தாயார் கனவில் வந்து, மகனைத் தடுக்காதே என்று அன்னைக்கு ஆணையிட்டதாகக் கதை. சாஸ்திரம் பூட்டிய கதவைத் திறக்கத் தெய்வமே வரவேண்டியதாயிற்று!

ஆனால் நாகப்பட்டினத்துக் கரையில் சஞ்சிக்கூலியாக நின்றவனை நோக்கி எந்தச் சாஸ்திரியார் கடல் தாண்டாதே என்றார்? எந்தக் கனவு அவன் தாய்க்கு வந்தது? அவன் அஞ்சவில்லை என்று எவரேனும் கருதினால் அது பெரும் பிழை. அவன் அச்சத்தைக் கேட்பாரில்லை, அவ்வளவே. ஊரிலிருந்த பசி, முன்னேயிருந்த கடலைக் காட்டிலும் பெரிது. சஞ்சிக்கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை நீடித்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவிப்பணத்தில் அனுப்புதலைத் தடுத்தது. இவ்வளவு காலமும் நம்மனோர் அந்தக் கடலைத் தாண்டிக்கொண்டேயிருந்தனர்.

அக்கடற்பாதையில் மிகுந்த புகழெய்தியது ‘இரசூலா’ என்னும் நீராவிக் கப்பல். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்ததாம். அவருள் மிகப் பெரும்பாலோர் தளப் பிரயாணிகள். பாயை விரித்த இடமே அவர்க்கு அறை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. வாந்தியும் மூட்டைப்பூச்சியும் நிறைந்த அக்கப்பலை நம் தோட்டத்து முதியோர் தாய்வீட்டைப்போல் நினைவு கூர்வது விந்தையே. 1973-இல் ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் அப்பாதைக்கு வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பற்றிற்று. சுமார் 40 உயிர்கள் மாண்டன. அத்துடன் அக்கப்பற் பிரயாணமும் முடிந்தது. கப்பலிலே வந்து, கப்பலிலேயே ஊர் சென்று மீண்ட ஒரு தலைமுறைக்கு வானம் ஒன்றே வழியாயிற்று.

நம் அண்டை வீட்டுப் பெரியம்மாள் அத்தலைமுறையினர். யுத்தத்துக்கு முன் இளம்பெண்ணாய் இரசூலாவில் வந்திறங்கியவர். கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டி, மகனோடு செராஸுக்குக் குடிவந்தார். தஞ்சை ஜில்லாவில் தமையனார் படுக்கையில் வீழ்ந்தார் என்று கடிதம் வந்தது. மகன் விமானச் சீட்டு வாங்கிவிட்டான். அம்மையார் மறுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு அவர் சொன்னது இது:

“தம்பி, கப்பல்ல எஞ்சின் நின்னா கப்பல் மிதக்கும். இது நின்னா என்ன ஆகும்?”

நாம் வாயடைத்து நின்றோம். முந்திய ஆண்டிலேதான் ஒரு கப்பல் எரிந்தது. அதை அவரும் அறிவார். ஆயினும் கப்பலை நம்பினார். பழகிய ஆபத்தை மனிதன் வீட்டு நாயைப்போல் நடத்துகின்றான். பழகாத ஆபத்தோ புலியாகத் தோன்றுகின்றது. அவருடைய அச்சம் வெறும் மூடத்தனமுமன்று. 1977 செப்டம்பர் 27-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானமொன்று சுபாங்கில் இறங்க முயன்று எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதி, 79 பேரில் 34 பேர் மாண்டனர். இடிந்த இடம் தோட்டம். செய்தி லயத்துக்கு லயம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மலேசிய விமானமொன்று கடத்தப்பட்டுத் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து அதிலிருந்த 100 பேரும் இறந்தனர். பிற்காலத்தில் 2014-ஆம் ஆண்டு இந்நாடு பட்ட துயரை யார் மறப்பர்? மார்ச்சு 8-இல் கோலாலம்பூரினின்றும் எழுந்த விமானம் 239 பேரோடு மறைந்தது. ஜூலை 17-இல் இந்நகரை நோக்கி வந்த மற்றொன்று உக்ரேன் நாட்டின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மடிந்தனர். ஆகவே அஞ்சுவோரைக் கண்டு நகைப்பது அறிவுடைமையாகாது.

ஆனால் பெரியம்மாள் கேட்டது ஒரு கேள்வி. கேள்விக்கு விடையன்றோ சொல்லவேண்டும்? தாயத்தும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்த அண்டையார் இருவர்; இராகு காலம் பார்த்துப் புறப்படலாம் என்றார் ஒருவர். விமானக் கம்பெனியார் பஞ்சாங்கம் பார்த்தோ நேரம் குறிக்கின்றனர்? அவர்களை அனுப்பிவிட்டு நாம் ஒரு வரலாற்றைச் சொன்னோம்.

1982 ஜூன் 24-ஆம் நாள் இரவு, இலண்டனிலிருந்து ஆக்லாந்து செல்லும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் சுபாங்கில் தங்கிப் பின் ஆஸ்திரேலியாவை நோக்கி எழுந்தது. 248 பிரயாணிகளும் 15 சிப்பந்திகளும் அதில் இருந்தனர். சாவகத் தீவருகே கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பற்படலம் கண்ணுக்குப் புலப்படாமல் அதைச் சூழ்ந்தது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. 37,000 அடி உயரத்தில், இருளில், ஓசையின்றி! விமானி எரிக் மூடி, சிறு இடையூறு நேர்ந்திருக்கின்றது, நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன என்ற பொருள்படப் பிரயாணிகளுக்கு அறிவித்தார். விமானம் கல்லைப்போல் விழுந்ததா? இல்லை. இறக்கைகளின்மேல் காற்று ஓடுமளவும் அது விழாது. பருந்து சிறகசைக்காமல் சரிந்து வட்டமிடுதல்போல் அது மெல்லச் சரிந்து வந்தது. ஏறத்தாழ 13,000 அடிக்கு இறங்கியபின் எஞ்சின்கள் உயிர்பெற்றன. கண்ணாடி சாம்பலால் தேய்ந்து வழி தெரியாத நிலையிலும் விமானி ஜகார்த்தாவில் இறக்கினார். ஒருவரும் இறக்கவில்லை.

“மிதக்குமா?” என்றார் பெரியம்மாள்.

“காற்றிலே சரிந்து மிதக்கும், பெரியம்மா.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அதில் என்னைப்போல் கிழவி யாராவது இருந்தார்களா?” என்று கேட்டார். அதற்கு நமக்கு விடை தெரியவில்லை, தெரியாதென்றே சொன்னோம்.

விடை அறிவைத் தேற்றும். உடல் நடுக்கம் அதனால் மட்டும் ஓயாது. இதை நம் சிந்தாமணி ஆசிரியர் திருத்தக்கதேவர் அறிந்திருந்தார் போலும். சச்சந்தன் மயிற்பொறி செய்வித்தது மட்டுமன்று. ஆபத்து வருமுன்பே கருவுற்ற விசயையை அதில் ஏற்றிப் பழக்கினான் என்பது கதை. மயிற்பொறி மெய்யாகப் பறந்தது என்று வாதிடுவோர் கட்சியில் நாம் இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தைக் கண்ட புலவனின் மனநூல் மெய். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், முயலுக்கு அஞ்சிய மூன்று வயதுப் பையன் ஒருவன் உணவுண்ணும்போது முயற்கூட்டைத் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே நகர்த்தி, கடைசியில் அவன் அதைத் தடவும்படி செய்தார். ஜோசப் வோல்ப்பி என்பார் 1958-இல் இம்முறையை மருத்துவமாக வகுத்தெழுதினார். நமக்கு அப்போது இவையெல்லாம் தெரியா. தெரிந்திருந்தால் இன்னும் செவ்வனே செய்திருப்போம்.

நாம் செய்தது இவ்வளவே. முதல் ஞாயிறன்று பெரியம்மாளைச் சுபாங் நிலையத்துப் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்துச் சென்றோம். தேநீரும் வடையும் கையில். விமானங்கள் எழுவதையும் இறங்குவதையும் எண்ணினார். இரண்டாம் ஞாயிறு இருபத்திரண்டு எண்ணினார். மூன்றாம் ஞாயிறு எண்ணவில்லை. வடையைத் தின்றுகொண்டு மருமகளின் குற்றங்களைச் சொன்னார். அதுவே தருணமென்று, உள்ளே நேர்வதை எடுத்துரைத்தோம். எழுந்த ஓரிரு நிமிடத்தில் எஞ்சினின் இரைச்சல் தணியும். கீழே இழுப்பதுபோல் வயிறு சொல்லும். அது விழுதலன்று, விமானி விசையைக் குறைக்கின்றார். காது அடைத்தால் எச்சில் விழுங்குக. நடுச்செவிக்கும் தொண்டைக்குமுள்ள குழாய் திறக்கும். மேகத்தில் குலுங்கினால் மண்சாலையில் தோட்டத்து லாரி குலுங்கியதை நினைக்க. இறக்கை வளைவதைக் கண்டு அஞ்சற்க. பறக்கையில் நேரக்கூடிய மிகப் பெரும் பாரத்தைக் காட்டிலும் ஒன்றரை மடங்கைத் தாங்கவேண்டும் என்பது அதைக் கட்டுவோர்க்கு விதி. வளையாத மரம் புயலில் முறியும் என்பதைப் பால்மரம் வெட்டியவர்க்கு நாமா சொல்லவேண்டும்?

புறப்பட்ட நாளில் அவர் கை நடுங்கிற்று. நடுங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும். வாயிலருகே ஒருமுறை நின்றார், மகன் முகத்தைப் பார்த்தார், பின் நடந்தார். சென்னை நான்கு மணி நேரம்.

தமையனார் அதற்குப் பின்னும் இரண்டு மாதம் இருந்தாராம். அம்மையார் திரும்பி வந்தபின், பயணம் எப்படி என்று கேட்டோம். சோறு மிகக் கொஞ்சம் என்று முதலில் குறைப்பட்டார். பிறகு, “இரசூலாவில் வந்தப்போ ஏழு நாளும் அழுதுக்கிட்டே வந்தேன் தம்பி. வந்து இறங்கும்போது அழுகை முடிஞ்சுபோச்சு. இதுல அண்ணனை விட்டுட்டு ஏறினேன், கண்ணைத் துடைக்கிறதுக்குள்ள சுபாங் வந்துருச்சு,” என்றார். அன்று மாலைவரை திண்ணையிலேயே அமர்ந்திருந்தார். சுங்கை பீசியிலிருந்து ஏதோ ஒன்று எழுந்து வீட்டின்மேல் இரைந்து சென்றது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.