‘மூவுடற் பிரச்சினை’: ஒரு சீன விஞ்ஞான நாவலின் வரலாற்று அடித்தளம்

1

விஞ்ஞானப் புனைகதையைப் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கிவிடும் போக்கு தமிழ்த் திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. எதிர்காலத்தையும் வேற்றுலகங்களையும் பற்றிய கற்பனையில் சமூக யதார்த்தத்தைத் தேடுவது வீண் முயற்சி என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆயின் எந்தக் கற்பனையும் ஒரு குறிப்பிட்ட சமுதாயத்தின் அனுபவத்திலிருந்தே தனக்கு வேண்டிய மூலப்பொருளைப் பெறுகிறது. வேற்றுலகினர் பூமிக்கு வந்தால் என்ன நிகழும் என்று ஒரு தேசத்து எழுத்தாளர் எண்ணும்போது, அத்தேசத்துக்கு அந்நியர் வந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதே அவ்வெண்ணத்துக்கு வடிவம் கொடுக்கிறது. லியூ சிசின் எழுதிய ‘மூவுடற் பிரச்சினை’ என்னும் சீன நாவலை இந்நோக்கில் ஆராய்வதே எமது நோக்கமாகும்.

2006ஆம் ஆண்டில் செங்டு நகரத்து ‘விஞ்ஞானப் புனைகதை உலகம்’ என்ற சஞ்சிகையில் இந்நாவல் தொடராக வெளிவந்தது. 2008இல் நூலுருப் பெற்றது. 2014இல் கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாகி, அடுத்த ஆண்டு ஹியூகோ பரிசைப் பெற்றது. நாவலுக்கான அப்பரிசு மொழிபெயர்ப்பு நூலொன்றுக்குக் கிடைத்தது அதுவே முதற்றடவையாகும். இதனால் மேலைநாட்டு வாசகர் பலர் சீன விஞ்ஞானப் புனைகதை திடீரெனத் தோன்றிய ஒன்றெனக் கருதலாயினர். உண்மையில் அதற்கு ஒரு நூற்றாண்டு கால வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நோக்காது இந்நாவலை விளங்கிக்கொள்ளுதல் இயலாது.

2

1839 முதல் 1842 வரை நடைபெற்ற அபினி யுத்தம் சீனத்தின் பழைய உலகநோக்கைத் தகர்த்தது. தம் நாட்டை உலகின் மையமெனக் கருதிய ஆளும் வர்க்கம், நீராவிக் கப்பல்களும் பீரங்கிகளும் கொண்டுவந்த முதலாளித்துவத்தின் முன் செயலிழந்து நின்றது. கார்ல் மார்க்ஸ் 1853 முதல் அமெரிக்க நாளிதழொன்றுக்கு எழுதிய கட்டுரைகளில் சீனத்தின் இந்நிலையைக் கூர்ந்து நோக்கியிருந்தார். 1895இல் ஜப்பானிடம் அடைந்த தோல்வி புத்திஜீவிகளை மேலும் உலுக்கியது. அப்பின்னணியில், 1898இல் யென் ஃபூ, ஹக்ஸ்லியின் பரிணாமமும் அறவியலும் பற்றிய நூலைத் தழுவிச் சீனமொழியில் வெளியிட்டார். வலியன எஞ்சும், மெலியன அழியும் என்ற கருத்து, தோற்ற தேசமொன்றின் படித்த இளைஞரை ஆட்கொண்டது. நான்ஜிங்கில் மாணவராயிருந்த லூ சுன்னும் அதனை ஆர்வத்தோடு பயின்றவரே.

சீன விஞ்ஞானப் புனைகதையின் தோற்றமும் இக்காலத்ததே. 1902இல் லியாங் சிச்சாவோ யோக்கஹாமாவிலிருந்து ‘புதிய புனைகதை’ என்ற சஞ்சிகையைத் தொடங்கி, தேசத்தைப் புதுப்பிக்க முதலில் புனைகதையைப் புதுப்பிக்க வேண்டும் என வாதிட்டார். 1903இல் லூ சுன், ஜூல் வேர்ணின் சந்திரப் பயண நாவலை ஜப்பானிய மொழி வழியாகச் சீனமொழிக்குக் கொணர்ந்தார். விஞ்ஞானத்தை நேரடியாகக் கற்கச் சலிப்படையும் மக்களுக்குக் கதை வழியே அறிவூட்டலாம் என்பது அவரது நம்பிக்கை. ஆகவே சீனத்தில் இவ்விலக்கிய வகை பிறந்தபோதே அதன் தோளில் தேசிய விமோசனம் என்ற சுமை ஏற்றப்பட்டிருந்தது.

முப்பதுகளில் இந்நம்பிக்கை கசப்பாக மாறியது. 1932–33இல் லாவோ ஷ எழுதிய ‘பூனை நகரம்’ செவ்வாய்க் கிரகத்தில் வாழும் பூனைமனிதரைப் பற்றியது. மயக்கமூட்டும் இலையைத் தின்று அந்நியருக்கு அஞ்சி வாழும் அச்சமூகம், படையெடுப்பு நேரும்போதும் ஒன்றுபடாது தன்னைத்தானே கடித்துக் குதறி அழிகிறது. இடதுசாரிகளையும் ஏளனம் செய்த இந்நாவலை முற்போக்கு விமர்சகர் கண்டித்தனர். ஆயினும் அதன் சோகம் உண்மையானது. 1966 ஓகஸ்ற் மாதத்தில் செங்காவலரால் தாக்கி அவமானப்படுத்தப்பட்ட லாவோ ஷ, மறுநாள் பீக்கிங்கின் ஏரியொன்றில் உயிர்நீத்தார். வேற்றுலகை எழுதிய சீன முன்னோடி ஒருவர் கலாசாரப் புரட்சியின் தொடக்கத்திலேயே பலியானார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1949இன் பின்னர் விஞ்ஞானப் புனைகதை பெரும்பாலும் சிறுவருக்கான அறிவூட்டல் இலக்கியமாக வளர்ந்தது. 1978இல் நடைபெற்ற தேசிய விஞ்ஞான மாநாட்டை அடுத்து அது புத்துயிர் பெற்றது. அவ்வாண்டு வெளிவந்த யே யொங்லியேயின் சிறுவர் நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. 1983இன் ‘ஆன்மிக மாசு’ எதிர்ப்பு இயக்கத்தின்போது இவ்வகை எழுத்துக்கள் போலி விஞ்ஞானமெனத் தாக்கப்பட்டன. சஞ்சிகைகள் பல மறைந்தன. 1979இல் தொடங்கப்பெற்ற செங்டு சஞ்சிகை தாக்குப்பிடித்து நின்றமையாலேயே பின்னர் லியூ சிசின் போன்றோர்க்கு ஒரு களம் கிட்டியது.

3

லியூ சிசின் 1963இல் பிறந்தவர். ஷான்சி மாகாணத்து மின்நிலையமொன்றில் பொறியியலாளராகப் பணியாற்றியவர். 1970 ஏப்ரலில் சீனத்தின் முதற் செய்மதி விண்ணிற் சென்றதை, ஹெனான் மாகாணக் கிராமமொன்றில், பசித்த, வெறுங்காற் சிறுவரோடு நின்று பார்த்ததை அவரே பின்னர் எழுதியுள்ளார். செய்மதியும் பசியும் ஒரே இரவில் ஒரே கண்களுக்குப் புலப்பட்டன. ஏற்றத்தாழ்வான வளர்ச்சி என்று பொருளியலாளர் கூறுவது அவரது எழுத்தில் அடிப்படை அனுபவமாகவே அமைந்துள்ளது.

நாவலின் மையப் பாத்திரமான யே வென்ஜியே வானியற்பியல் பயின்றவர். சார்பியல் கோட்பாட்டைக் கற்பித்த குற்றத்துக்காகப் பௌதிகப் பேராசிரியரான அவரது தந்தை 1967இல் ‘போராட்டக் கூட்டம்’ ஒன்றிலே பள்ளிச் சிறுமியரால் அடித்துக் கொல்லப்படுகிறார். தாய் மேடையேறிக் கணவரைக் கண்டிக்கிறார். பின்பு காடழிப்புப் பணிக்கு அனுப்பப்படும் யே, றேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூலைப் படிக்கிறார். அந்நூலைக் கொடுத்த பத்திரிகையாளன் தன்னைக் காத்துக்கொள்ள அவரைக் காட்டிக்கொடுக்கிறான். இறுதியில் ‘செங்கரை’ என்ற இரகசிய இராணுவ வானொலி நிலையத்தில் அவருக்கு இடம் கிடைக்கிறது. 1971இல் சூரியனையே பெருக்கியாகக் கொண்டு அவர் விண்வெளிக்கு அனுப்பும் செய்தி, மூன்று சூரியர்களுக்கு இடையே அல்லலுறும் உலகொன்றைச் சென்றடைகிறது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் வரும் மறுமொழி, பதில் அனுப்ப வேண்டாம் என எச்சரிக்கிறது. மனித இனத்தால் தன்னைத் தானே திருத்திக்கொள்ள இயலாது என முடிவுகட்டிய யே, வேற்றுலகினரை அழைத்துப் பதில் அனுப்புகிறார்.

தொடராக வெளிவந்தபோது கலாசாரப் புரட்சிக் காட்சியே நாவலின் தொடக்கமாக இருந்தது. 2008ஆம் ஆண்டு நூற்பதிப்பில் அது இடைப்பகுதிக்கு மாற்றப்பட்டது. தணிக்கையாளர் கண்ணில் எடுத்த எடுப்பிலேயே படாதிருக்க இவ்வாறு செய்யப்பட்டதென்பர். ஆங்கிலப் பதிப்பில் அது மீண்டும் முதலிடம் பெற்றது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியே 1981இல் நிறைவேற்றிய வரலாற்றுத் தீர்மானத்தில் கலாசாரப் புரட்சியைப் பெருந்தவறெனக் கண்டித்திருந்தது. அவ்வாறிருந்தும் ஒரு நாவலின் முதற் பக்கத்தில் அது இடம்பெறத் தயங்க நேர்ந்ததெனில், தீர்ப்பு வழங்கப்பட்ட பின்பும் விசாரணை முடியவில்லை என்பதே பொருளாகும்.

இவ்விசாரணை எமக்கும் உரியதே. இலங்கைக் கம்யூனிஸ்ட் இயக்கம் 1964இல் பிளவுற்றபோது, நா. சண்முகதாசன் தலைமையிலான பீக்கிங் சார்பினர் கலாசாரப் புரட்சியை முழுமனதோடு ஆதரித்தனர். அதே அணியினரே 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிரான ஊர்வலத்தை நடத்தினர். அதிகாரத்தை எதிர்த்தெழுதல் நியாயமே என்ற குரல் இங்கே ஒடுக்கப்பட்டோரின் கையில் ஆயுதமாயிற்று. அதே காலத்தில் பீக்கிங்கில் ஒரு முதிய எழுத்தாளரின் உயிரைக் குடித்தது. ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது வரலாற்றுப் பொருள்முதல்வாதத்துக்கு உகந்ததன்று. சுலோகம் ஒன்றாயினும் அதை ஏந்தும் சக்திகளும் அது தாக்கும் இலக்கும் வேறாகும்போது விளைவும் வேறாகும். இவ்வேறுபாட்டை விளக்கும் கடமையை இடதுசாரிகள் தட்டிக்கழிப்பின், மனித இயல்பே தீயது என்ற அவநம்பிக்கை அவ்விடத்தை நிரப்பும். யே வென்ஜியேயின் மனத்தில் நிகழ்வது அதுவே.

4

யே சென்றடையும் முடிவை நாவல் அப்படியே ஏற்கிறதா என்பதே அடுத்த வினா. மேலோட்டமாகப் படிப்போர் ஏற்கிறதென்பர். நாவல் தரும் சான்றுகளோ வேறு திசையைக் காட்டுகின்றன.

வேற்றுலகினரை வரவேற்கும் இரகசிய இயக்கத்தின் வர்க்க அமைப்பை முதலில் நோக்குவோம். அதனை வளர்ப்பவன் மைக் எவன்ஸ் என்ற அமெரிக்கன். எண்ணெய்க் கம்பனி அதிபரின் மகன். சகல உயிரினங்களுக்குமான பொதுவுடைமையை அவன் போதிக்கிறான். அதற்கான பணமோ எண்ணெய் மூலதனத்திலிருந்து வருகிறது. இயக்கத்தினருட் பெரும்பாலோர் உயர்கல்வி பெற்றோரும் செல்வாக்குடையோருமே. சாதாரண மக்களைச் சேர்க்க எடுத்த முயற்சிகள் தோல்வியுறுகின்றன. தம் சந்ததி தப்பிப்பிழைக்க வேண்டுமென்பதற்காக இணையும் சிறு பிரிவினர் மாத்திரமே கீழ்த்தட்டிலிருந்து வருகின்றனர். அவர்கள் விரும்புவதும் அழிவையன்று, உயிர்வாழ்வையே. மனித இனம் முழுவதையும் வெறுக்கும் ‘உரிமை’ வசதியுள்ளோரின் சலுகையாகவே சித்திரிக்கப்படுகிறது. பொதுமக்களிடமிருந்து துண்டிக்கப்பட்ட புத்திஜீவிகள் வெளிச்சக்தியொன்றிடம் மீட்சி தேடும் இக்காட்சி, குடியேற்றநாட்டு வரலாற்றைப் பயின்றோர்க்குப் புதியதன்று.

இரண்டாவதாக, யே பதில் அனுப்பி, அந்த இரகசியத்தைக் காப்பதற்காகத் தன் கணவனையும் கொன்ற பின்னர், பிரசவத்தின்போது உயிருக்குப் போராடுகிறார். அவருக்கு இரத்தம் கொடுத்துக் காப்பவர்கள் மலைக்கிராமத்து ஏழைகள். தாயையும் சேயையும் அவர்களே தம் வீட்டில் வைத்துப் பராமரிக்கின்றனர். அவர்களது பிள்ளைகள் அவரிடம் பாடம் கேட்க வருகின்றனர். தந்தையைக் கொன்ற கூட்டத்தைக் கொண்டு மனிதரை எடைபோட்டவர், தன்னைக் காத்த கிராமத்தைக் கண்டு அத்தீர்ப்பை மாற்றவில்லை.

மூன்றாவதாக, ஆண்டுகள் பல கடந்து தந்தையைக் கொன்ற சிறுமியரை யே சந்திக்கிறார். நால்வருள் ஒருத்தி இறந்துவிட்டாள். எஞ்சியோர் கிராமப்புறத்துக்கு அனுப்பப்பட்டு வாழ்விழந்தோர், ஒருத்தி கையை இழந்தவள். அவர்கள் மன்னிப்புக் கேட்க மறுக்கின்றனர். தம்மை யார் நினைவுகூர்வர் என்பதே அவர்களது கேள்வி. கொன்றவரும் வரலாற்றால் கைவிடப்பட்டவரே என்பதை உணர்த்தும் இக்காட்சியே, எமது கருத்தில், நாவலின் உச்சமாகும்.

நான்காவது சான்று வேற்றுலகத்திலிருந்தே கிடைக்கிறது. பதில் அனுப்பாதே என எச்சரித்தது யார்? அதிகாரமும் புகழும் அற்று, தனித்ததொரு கேட்பு நிலையத்தில் ஆயுள் முழுவதையும் கழித்த கடைநிலை ஊழியனொருவன். தன் உலகின் ஆட்சியாளர் பூமியைக் கைப்பற்றுவர் என அறிந்து, அறியாத மக்களைக் காக்க அவன் தன் உயிரையே பணயம் வைக்கிறான். நாவலில் இரு உலகங்களுக்கிடையே நிகழும் முதற்றொடர்பு இவ்வாறு உழைப்பாளி ஒருவனின் எச்சரிக்கையாக அமைகிறது. அதனை மீறுபவர் கற்றறிந்த விஞ்ஞானி. சர்வதேசியம் என்ற சொல் நாவலில் இடம்பெறாவிடினும் அதன் சாரம் இவ்வூழியனின் செயலில் உள்ளது.

5

எனினும் ஆசிரியரின் உலகநோக்கில் ஒரு முரண்பாடு இருப்பதை மறுப்பதற்கில்லை. 2008லும் 2010லும் வெளிவந்த அடுத்த இரு பாகங்களில் பிரபஞ்சம் முழுவதும் இருண்ட காடாகவும், நாகரிகங்கள் யாவும் ஒன்றையொன்று வேட்டையாடுவனவாகவும் காட்டப்படுகின்றன. யென் ஃபூவின் காலத்தில் தோல்வியுற்ற தேசமொன்றின் அச்சத்தைப் பிரதிபலித்த அதே டார்வினியச் சமூக நோக்கு, ஒரு நூற்றாண்டு கழித்து, வல்லரசாக எழும் தேசத்தில் பிரபஞ்ச விதியாக உயர்த்தப்படுகிறது. சந்தைப் போட்டியை வாழ்வின் நியதியாக ஏற்கத் தொடங்கிய சமூகத்தில் இக்கருத்துநிலை செல்வாக்குப் பெறுவது வியப்பன்று.

விஞ்ஞானம் இத்தகைய நியதிவாதத்துக்குத் துணைநிற்கவில்லை. மூன்று உடல்களின் இயக்கத்துக்குப் பொதுவான தீர்வு காண்பதிலுள்ள இடர்ப்பாட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புவான்காரே எடுத்துக்காட்டினார். ஆனால் எமக்கு மிக அண்மையிலுள்ள அல்பா செந்தோரி மூவிண்மீன் தொகுதி நாவலிற் போன்று குழப்பத்தில் இல்லை. இரண்டு விண்மீன்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்ற, மூன்றாவது வெகு தொலைவில் தன் வழியிற் செல்கிறது. மூன்று இருந்தாலே அழிவு என்பதில்லை. அவற்றுக்கிடையிலான உறவே நிலைமையைத் தீர்மானிக்கிறது. சமூகத்துக்கும் இது பொருந்தும்.

முதற்பாகத்தின் முடிவில், மனிதர் பூச்சிகளே என்ற வேற்றுலகினரின் செய்தி விஞ்ஞானிகளை நிலைகுலையச் செய்கிறது. கல்வி அதிகமற்ற பொலிஸ்காரன் ஷி சியாங் அவர்களை வெட்டுக்கிளிகள் நிறைந்த வயலுக்கு இட்டுச்செல்கிறான். எத்தனை நஞ்சு தெளித்தும் மனிதரால் பூச்சியை வெல்ல முடியவில்லை என்பதை அவன் நினைவூட்டுகிறான். நம்பிக்கை மேலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வருகிறது. லியூ சிசினின் கோட்பாட்டைக் காட்டிலும் அவரது கலை முற்போக்கானது என நாம் கொள்வதற்கு இவ்வயற்காட்சியும், மலைக்கிராமமும், பெயரற்ற அந்தக் கேட்பு ஊழியனும் போதிய ஆதாரங்களாகும். மனித குலத்தின் சார்பில் பதில் சொல்லும் உரிமை யாருக்கு என்ற வினாவை இந்நாவல் எழுப்பியுள்ளது. அவ்வுரிமை தனியொரு புத்திஜீவியின் கசப்புக்கு உரியதன்று என்பதை, அதனைக் கவனமாகப் படிக்கும் வாசகர் அதன் பக்கங்களிலிருந்தே அறிந்துகொள்வர்.