கடைசி நடை எத்தனை மணிக்கு? தோல் தொழில் வட்டாரத்தில் இணையவழிப் பயணத் திட்டமிடல்

சென்னையில் பேருந்துக்குக் காத்திருப்பவர் கைப்பேசியில் தேடுவது, வரவேண்டிய வண்டி இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதை. பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வேண்டிய விடை வேறு. ஓவர்டைம் முடிந்து வெளியே வந்தால் ஊருக்குக் கடைசி நடை எத்தனை மணிக்கு, அதை விட்டால் உமராபாத் வரையாவது போய்ச் சேர வழி உண்டா என்பதே அவருடைய கவலை. இரண்டு தேவையும் ஒன்றுதான், தலைநகரத்துச் செயலியை மாவட்டங்களுக்கு நீட்டினால் போதும் என்ற எண்ணம் நிர்வாகத்திலும் பொதுப்பேச்சிலும் பரவலாக இருக்கிறது. அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் முதலில் நடக்கவேண்டியது, அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, மினி பஸ் மூன்றின் அங்கீகரிக்கப்பட்ட கால அட்டவணையும் யாரும் எடுத்தாளும் வடிவில் ஒரே இடத்தில் வெளியாவது. நேரலை இருப்பிடம் அதற்குப் பிறகு வரட்டும்.

அந்த வடிவம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான டிரைமெட்டும் கூகுளும் சேர்ந்து உருவாக்கிய தரவு வடிவமே இன்று ஜிடிஎஃப்எஸ் என்ற பெயரில் உலகெங்கும் வழங்குகிறது. அது சில எளிய அட்டவணைகளின் தொகுப்பு. நிறுத்தங்கள் ஒன்றில், தடங்கள் ஒன்றில், ஒவ்வொரு தடத்தின் நடைகள் ஒன்றில், ஒவ்வொரு நடையும் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது மற்றொன்றில். ஒருமுறை இப்படி எழுதிவிட்டால் எந்தச் செயலியும் அதை வாசிக்கலாம். 2009-ல் அதே போர்ட்லாந்தில் தொடங்கிய ஓப்பன் டிரிப் பிளானர் கட்டற்ற மென்பொருள். எந்த மாவட்டமும் காசில்லாமல் எடுத்து நிறுவிக்கொள்ளலாம். இந்தியாவில் கொச்சி மெட்ரோவும் டெல்லி அரசும் 2018-லேயே தங்கள் தரவைத் திறந்துவிட்டன. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலியைக் கொண்டுவந்தது. நல்ல முயற்சி. ஆனால் அந்தக் குழுமத்தின் எல்லை வேலூர் வரை வருவதில்லை. வேலூருக்கென்று அப்படி ஓர் அமைப்பும் இல்லை.

இந்த வட்டாரத்திலேயே ஒரு பாதி, அதாவது ரயில் பக்கம், தீர்ந்துபோன கணக்கு என்பதைக் கவனிக்கவேண்டும். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதைதான் பின்னர் மேற்கே நீண்டு காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையைத் தொட்டது. அந்தப் பாதையில் மேல்பட்டி, பச்சகுப்பம் போன்ற சிறிய நிலையத்தில் எந்த வண்டி எப்போது நிற்கும் என்பதை இன்று எவரும் நொடியில் அறியலாம். செல்பேசிக் கோபுரங்களின் சமிக்ஞையைக் கொண்டு, இணையம் இல்லாமலேயே ரயில் இருக்குமிடத்தைச் சொன்ன ‘வேர் இஸ் மை டிரெயின்’ செயலியை உருவாக்கியது ரயில்வே அல்ல. பெங்களூரின் ஒரு சிறு நிறுவனம். 2018-ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. ரயில்வேயின் அட்டவணை ஊரறிந்ததாக இருந்ததால்தான் வெளியார் ஒருவர் அதன்மேல் கருவி கட்ட முடிந்தது. பச்சகுப்பத்தில் ரயிலைவிட்டு இறங்கியவருக்கு அடுத்த பேருந்து எது என்ற இடத்தில் அந்தத் தெளிவு அறுந்துபோகிறது.

பேருந்துக்கு அப்படி அட்டவணையே கிடையாது என்பார்கள். உண்டு, நிமிடக் கணக்கில் உண்டு. தமிழ்நாட்டின் பல தடங்களில் அரசு வண்டியும் தனியார் வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. முன்னால் போகும் வண்டிக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் இடையிலான சில நிமிடங்கள்தான் கலெக்‌ஷனைத் தீர்மானிக்கின்றன. அதனால் பெர்மிட் வழங்கும்போது புறப்பாட்டு நேரம் முறையாக நிர்ணயிக்கப்படுகிறது. தகராறு வந்தால் நேர நிர்ணயக் கூட்டம் கூடுகிறது, சில வேளை வழக்கு நீதிமன்றம் வரை போகிறது. பேருந்து நிலையத்து டைம் கீப்பரின் கையிலுள்ள நோட்டு அந்தச் சண்டைகளின் முடிவைத் தாங்கி நிற்பது. இவ்வளவு கவனமாகத் தீட்டப்பட்ட ஆவணம் பயணியின் கண்ணில் மட்டும் படுவதில்லை.

சட்டம் இந்த நிலையை ஏற்கவில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72-வது பிரிவு, பெர்மிட்டோடு விதிக்கக்கூடிய நிபந்தனைகளைப் பட்டியலிடுகிறது. அங்கீகரிக்கப்பட்ட கால அட்டவணையின் நகலை வண்டியிலும், குறிப்பிட்ட நிலையங்களிலும் நிறுத்தங்களிலும் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அட்டவணையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதையும் வட்டாரப் போக்குவரத்து அதிகார அமைப்பே வரையறுக்கலாம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய சட்டத்துக்குத் தெரிந்த விளம்பரப் பலகை தகரப் பலகை. இன்று அதே கடமையின் இயல்பான வடிவம் இணையத்தில் திறந்து வைத்த தரவு. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை என்பது என் துணிபு. பெர்மிட் நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் தனியார் வண்டிகளும் மினி பஸ்களும் உள்ளே வந்துவிடும். அவை இல்லாத திட்டமிடல் கருவி, கிராமத்துச் சாலையில் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

அட்டவணைத் தரவு மட்டுமே எவ்வளவு உதவும் என்பதைக் காண, நைட் ஹால்ட் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு கடைசி நடையாக டவுனிலிருந்து கிராமத்துக்குப் போகும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடியற்காலை அதே வண்டியை முதல் நடையாக டவுனுக்கு ஓட்டி வருவார்கள். ஊரார் இதை ஒரே வண்டியாகத்தான் அறிவார்கள். தரவில் அது இரண்டு நாட்களில் விழும் இரண்டு நடைகள். இரவு நடை வராவிட்டால் காலை நடையும் இல்லை. காலை ஷிப்ட்டுக்குப் போகவேண்டியவர்களுக்கு அன்றைய சம்பளமும் சந்தேகம். ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் ஒரே வண்டியின் நடைகளை ஒரு தொகுதி எண்ணால் கோக்கலாம். நள்ளிரவைத் தாண்டும் நடையை 24 மணிக்கு மேல் எண்ணி எழுதவும் முடியும். இரவு எட்டரைக்கே அந்த நடை ரத்து என்று டிப்போ பதிந்துவிட்டால், காலை வண்டி வராது என்ற செய்தி இரவே ஊருக்குப் போய்ச் சேரும். வண்டியில் ஜிபிஎஸ் பொருத்தாமலே செய்யக்கூடிய காரியம் இது. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையில் அடிக்கடி ஓடும் 1, 2 எண் டவுன் பஸ்களுக்கு இவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. இத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று எழுதினால் போதும், அதற்கும் அதே வடிவத்தில் இடமுண்டு.

வண்டி நேரத்துக்கு ஓடாதபோது அட்டவணையால் என்ன பயன் என்ற மறுப்பு வலுவானதாகத் தோன்றும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு நடை மட்டுமே உள்ள ஊரில் பத்து நிமிடத் தாமதம் பெரிய செய்தியல்ல; மாலை ஏழுக்குப் பிறகு வண்டி உண்டா இல்லையா என்பதே செய்தி. வழக்கமாகப் போகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதும் சரியான பதிலல்ல. புதிதாக வேலைக்குச் சேரும் பெண், கம்பெனி வேனைத் தவறவிட்டவர், கட்டிங் பிரிவிலிருந்து வேறு ஊர் யூனிட்டுக்கு மாற்றப்பட்டவர், வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து காட்பாடியில் இறங்குகிற நோயாளி, இவர்களில் யாரும் வழக்கமாகப் போகிறவர் அல்லர்.

கருவி எதை ‘நல்ல வழி’ என்று கணக்கிடுகிறது என்பதிலும் நம் ஊர் நிலைமை தனித்துவமானது. 2012-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ராப்டர் போன்ற கணிப்பு முறைகள் அடிப்படையில் சீக்கிரம் சேர்வதையும் வண்டி மாறும் தடவையைக் குறைப்பதையும் பார்க்கின்றன. கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட அவற்றை விரிக்க முடியும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் அரசுச் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை; ‘விடியல் பயணம்’ என்பது அத்திட்டத்தின் பெயர். தனியார் வண்டியும் எக்ஸ்பிரஸும் முந்திக்கொண்டு வந்தாலும், ஷூ கம்பெனிச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் இருபது நிமிடம் பொறுத்து இலவச வண்டியில் ஏறுவார். மாதக் கணக்கில் அது அவருக்குக் கணிசமான தொகை. எது விடியல் பயண வண்டி என்று சொல்லாத கருவி இவர்களுக்குத் தவறான வழியையே காட்டும்.

போக்குவரத்துக் கழகத்துக்கும் இதில் லாபம் உண்டு. வேலூர் மண்டலத்தை நடத்துவது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம். 1997-க்கு முன் பட்டுக்கோட்டை அழகிரி பெயரில் வேலூருக்கென்றே ஒரு கழகம் இருந்தது. முடிவெடுக்கும் இடம் தள்ளிப் போனபின் களச்செய்தி இன்னும் அவசியமாகிறது. இலவசப் பயணச்சீட்டு, எந்த ஸ்டேஜில் எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பதைப் பதிகிறது. வண்டி இல்லாததால் ஏறாமல் போனவர்களை அது பதிவதில்லை. தேடி விடை கிடைக்காத தேடல்கள்தான் அவர்களைக் காட்டும். மாலையில் ஆம்பூரிலிருந்து ஒரே திசைக்கு அப்படித் தேடல்கள் குவிந்தால், அங்கே ஒரு நடை தேவை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. தேடியவர் யார் என்பது மட்டும் எங்கும் சேமிக்கப்படக்கூடாது. இரவில் தனியாக வீடு திரும்பும் பெண்ணின் பாதை எவர் கையிலும் தரவாகச் சேரக்கூடாது.

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பேரணாம்பட்டு வேலூரில் இருக்கிறது, ஆம்பூர் திருப்பத்தூரில். தினமும் வேலைக்குப் போகிறவர்கள் எல்லையைக் கடந்தே போகிறார்கள், அட்டவணையோ அலுவலகத்துக்கு அலுவலகம் சிதறிக் கிடக்கிறது. மூன்று மாவட்டத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் விழுப்புரம் கோட்டமும் உட்கார்ந்து, கோப்பில் உள்ள நேரங்களை ஒரே தொகுப்பாகத் தமிழிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் வெளியிடவேண்டும். ஆம்பூர்–உமராபாத்–பேரணாம்பட்டு சாலையிலிருந்து தொடங்கலாம்.