அழகுக்கலைத் தொழிலும் நம் பெண்மக்களும்

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனக் கேட்கப்பட்டபோது, கல்வி, நிலவுரிமை, இட ஒதுக்கீடு எனப் பெரிய பொருள்கள் பலவும் நம் நினைவிற்கு வந்தன. அவற்றைப் பற்றி எழுத அறிஞர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றும்: கத்தரிக்கோலும் சீப்பும். தலைமுடி திருத்திக்கொள்ளுதல் என்னும் எளிய செயலில் நம் மக்கள் பட்ட இழிவு எத்தகையது என்பதை அறிந்தால்தான், இன்று நம் பெண்மக்கள் அழகுக்கலைச் சான்றிதழ் பெற்றுத் தொழில் தொடங்குவது எத்துணைப் பெரிய செயல் என்பது விளங்கும்.

அண்ணல் அம்பேத்கர் இளமையில் சாதாராவில் வாழ்ந்தார். அவ்வூரில் நாவிதர்க்குப் பஞ்சமில்லை. ஆயினும் தீண்டப்படாதார் வீட்டுப் பிள்ளையின் தலையைத் தொட ஒருவரும் இசைந்தாரில்லை. ஆதலின் பிள்ளைகளுக்கு முடி வெட்டும் பணியை அவருடைய தமக்கையாரே செய்துவந்தார். இதனை அண்ணலே தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியுள்ளார். பிற்காலத்தில் கொலம்பியாவிலும் இலண்டனிலும் உயர் பட்டங்கள் பெற்ற அத்தலையைத் திருத்திய கை, பயிற்சியோ சான்றிதழோ இல்லாத ஒரு பெண்ணின் கை.

சாதாரா வெகு தொலைவு என எண்ண வேண்டா. நம் தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து உருவாயிற்று. மாவட்டம் புதியது, வழக்கங்களோ பழையன. நாம் சிறுவராக இருந்த 1970களின் இறுதியில், அரூர்ப் பக்கத்து நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் புளியமரத்தடியில் மாமா முறையுள்ள ஒருவர் கத்தரிக்கோலுடன் அமர்வார். பிள்ளைகள் வரிசையில் நிற்போம். பேருந்து நிற்கும் ஊரில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் ஒன்று இருந்தது. ஒரு முறை, காசைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே சென்றோம். "அப்புறம் வா" என்றனர். மாலை வரை காத்திருந்து மறுபடி கேட்டோம். மறுபடியும் "அப்புறம் வா" என்பதே விடை. அந்த 'அப்புறம்' எப்போது என்பதை வீட்டிற்கு வந்த பின் தந்தையார்தாம் விளக்கினார்.

இதற்காக நாவிதர் சமுதாயத்தின்மேல் மட்டும் குற்றம் சாட்டுதல் நேர்மையாகாது. நம் தலையைத் தொட்ட கத்தி தங்கள் முகத்தில் படலாகாது என ஊரார் விதித்த விதி அது. மீறினால் அவர்தம் பிழைப்புப் போகும். களத்து மேட்டில் அளந்து போடும் கேழ்வரகையும் சாமையையும் நம்பி ஆண்டு முழுதும் உழைத்தவர்கள் அவர்கள். புண்ணுக்கு மருந்திட்டதும், பேறு பார்த்ததும் அவர்கள் வீட்டு ஆடவரும் பெண்டிருமே. மருத்துவர் எனப் பெயர் சூட்டிய ஊரே அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் நமக்குத் துணி வெளுத்தும் மழித்தும் பணிசெய்தவர்கள் புதிரை வண்ணார் மக்கள். அவர்களை நாம் சமமாக நடத்தினோமா? இக்கேள்வியைப் படிப்போரின் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறோம்.

சட்டம் இவ்விழிவைக் கண்ட விதம் நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டியது. 1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், கடைகளில் நுழையும் உரிமை பற்றிய விவாதத்தின்போது, 'கடை' என்னும் சொல் எவற்றையெல்லாம் குறிக்கும் என்ற ஐயம் எழுந்தது. கேட்டு வருவோர்க்குத் தம் பணியை அளிக்க ஒருவர் முன்வந்து அமர்ந்திருக்கும் இடம் எதுவாயினும் அது கடையே என்னும் பொருள்பட அண்ணல் விடையளித்தார். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் கடை என்னும் சொல்லின் விளக்கத்திலேயே சலவையகமும் முடிதிருத்தகமும் வெளிப்படையாக எழுதப்பட்டன. 1976இல் அச்சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. அதன் 6ஆம் பிரிவு தீண்டாமை காரணமாகப் பணி செய்ய மறுப்பதைக் குற்றமாக்குகிறது. 4ஆம் பிரிவு ஒருவர் தாம் விரும்பும் தொழிலை நடத்தவொட்டாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. முன்னது நாற்காலியில் அமர வருவோர்க்குக் காப்பு; பின்னது நாற்காலிக்குப் பின்னே நிற்போர்க்குக் காப்பு. முதலாவதைப் பற்றி நம்மவர் ஓரளவு அறிவர். இரண்டாவதை அறிந்தோர் மிகச் சிலரே.

ஒப்பனைக் கலை தமிழர்க்குப் புதிதன்று. மகளிர் கூந்தலை ஐவகையாக முடித்தமையால் அதற்கு 'ஐம்பால்' என்றே பெயர் வழங்கிற்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் நீராட்டுக்குப் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் இட்டு ஊறிய நீர் கூறப்படுகிறது. ஒப்பனை செய்யும் பணிப்பெண்ணை வண்ணமகள் என அழைத்தனர். மாதவியின் பெயரை ஊரறியும். வண்ணமகளின் பெயரை யார் அறிவார்?

பெயரில்லாத அக்கை பெயர் பெற்ற வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதனைச் சற்று விரிவாகவே கூற விழைகிறோம்.

லூசியானா மாநிலத்தில் டெல்டா என்னும் சிற்றூரில், பருத்தித் தோட்டமொன்றில் அடிமைகளாக இருந்த பெற்றோர்க்கு 1867இல் சாரா பிரீட்லவ் என்னும் பெண் பிறந்தாள். அடிமைத்தளை நீங்கிய பின் அக்குடும்பத்தில் பிறந்த முதற் குழந்தை அவள். ஏழு வயதில் தாய் தந்தையரை இழந்தாள். பதினான்கில் மணம், இருபதில் கைம்மை. கையில் ஒரு பெண் குழந்தை. தமையன்மார் செயிண்ட் லூயி நகரில் முடிதிருத்துநராக இருந்தமையால் அங்கே சென்று, வீடு வீடாகத் துணி வெளுத்து அக்குழந்தையைப் படிக்க வைத்தாள். அந்நாளில் அவளுக்குத் தலைமுடி கொட்டத் தொடங்கிற்று. அவளுக்கு மட்டுமன்று, சத்துணவும் நல்ல குளியல் வசதியும் இல்லாத அம்மக்களில் பலர்க்கும் அதே நோய். ஆனி மலோன் என்னும் மற்றொரு கறுப்பினப் பெண்மணி ஆக்கிய கூந்தல் மருந்தை விற்கும் முகவராகச் சாரா இத்தொழிலுக்குள் நுழைந்தார்.

1905இல் டென்வர் நகருக்குச் சென்றவர், அடுத்த ஆண்டு சி. ஜே. வாக்கர் என்பாரை மணந்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயரில் தாமே செய்த மருந்தை விற்கலானார். கதவு கதவாகத் தட்டினார். தேவாலயக் கூடங்களில் பெண்களைக் கூட்டித் தலை கழுவிக் காட்டினார். 1908இல் பிட்ஸ்பர்க்கில் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். அதற்குத் தம் மகள் லீலியாவின் பெயரைச் சூட்டினார். 1910இல் இண்டியானாபொலிஸ் நகரில் குடியேறி அங்கே தொழிற்சாலை நிறுவினார். இவரிடம் பயின்று முகவரான பெண்கள் ஆயிரக்கணக்கினர். சமையற்கட்டும் வெளுப்புத் தொட்டியுமன்றி வேறு பிழைப்பு அறியாதிருந்தவர்கள் தம் பெயர் எழுதிய பெட்டியுடன் தெருவில் நடந்தனர்.

1912இல் சிகாகோவில் கறுப்பின வணிகர் மாநாடு கூடிற்று. தலைவர் புக்கர் டி. வாசிங்டன். வாக்கர் அம்மையார்க்குப் பேச வாய்ப்புத் தரப்படவில்லை. அவர் தாமே எழுந்து நின்றார். தாம் பருத்திக் காட்டிலிருந்து வந்தவர் என்றும், அங்கிருந்து வெளுப்புத் தொட்டிக்கும் பின் சமையலறைக்கும் உயர்ந்ததாகவும், அதன்பின் தம்மைத் தாமே உயர்த்திக்கொண்டு தம் சொந்த நிலத்தில் தொழிற்சாலை கட்டியதாகவும் அவையறியக் கூறினார். மறு ஆண்டு அதே மாநாடு அவரைப் பேச அழைத்தது. 1917இல் பிலடெல்பியாவில் தம் முகவர்களை ஒன்று கூட்டினார். இருநூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் திரண்டனர். மிகுதியாக விற்றவர்க்கு மட்டுமன்றி, மிகுதியாக அறஞ்செய்தவர்க்கும் பரிசு வழங்கினார். கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்கக் கோரி அம்மாநாட்டிலிருந்து குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி சென்றது. சீப்பும் தைலமும் விற்ற பெண்கள் அனுப்பிய தந்தி அது. 1919இல் தம் 51ஆம் வயதில் அம்மையார் காலமானார்.

அமெரிக்காவில் இத்தொழிலுக்கு உரிமச் சட்டம் உண்டு. முடிதிருத்துநர்க்கு உரிமம் வேண்டும் என 1897இல் மினசோட்டா மாநிலம் முதன்முதலாகச் சட்டம் செய்தது. பின்னர்ப் பிற மாநிலங்களும் தொடர்ந்தன. அழகுக்கலைக்கும் தேர்வு வந்தது. நம் நாட்டில் அவ்வகை உரிமத் தேர்வு இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலை ஓராண்டுப் பயிற்சியாக உள்ளது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முடிவில் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். கடை வைக்க உள்ளாட்சி மன்றத்தின் தொழில் உரிமம் பெற வேண்டும்.

இந்தியாவில் டாட்டா நிறுவனம் 1952இல் லேக்மே ஒப்பனைப் பொருள்களைத் தொடங்கிற்று. ஷானாஸ் உசேன் அம்மையார் 1970களின் தொடக்கத்தில் தில்லியில் தம் வீட்டிலேயே சிறு நிலையம் அமைத்துத் தந்தையாரிடம் கடன் பெற்றுத் தொடங்கினார் என்பர். 2000ஆம் ஆண்டு சென்னையில் வீணா குமரவேல் தொடங்கிய நேச்சுரல்ஸ் நிலையம் பின்னர்க் கிளைகளாகப் பெருகிப் பெண்கள் பலரைக் கடை முதலாளிகளாக்கிற்று. இவையெல்லாம் போற்றத் தக்கவையே. ஆயினும் கடன் தரத் தந்தை இருந்தவர் கதையும், தந்தையே கடனில் இருப்பவர் கதையும் ஒன்றாகா. ஆகவேதான் வாக்கர் அம்மையார் வரலாறு நமக்கு நெருங்கியதாகத் தோன்றுகிறது.

நம் பள்ளியில் பயின்ற மாணவி ஒருவர் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அழகுக்கலைச் சான்றிதழ் பெற்றார். சான்றிதழை நம்மிடம் கொண்டுவந்து காட்டியபோது, "இனிக் கவலையில்லை" என்று நாமும் கூறிவிட்டோம். அது அறியாமை என்பதைப் பின்னர் உணர்ந்தோம். அவர் பெங்களூரில் ஓர் அழகு நிலையத்தில் இரண்டாண்டு உதவியாளராக இருந்தார். முதல் ஆறு மாதம் தரை பெருக்கலும் துண்டு துவைத்தலுமே வேலை. திரெடிங், பேஷியல், முடி வெட்டுதல் எனக் கை படிந்தது அதன் பின்னரே. ஊர் திரும்பி நகரில் கடைக்கு இடம் தேடினார். மூன்று இடங்களில் வாடகையும் முன்பணமும் பேசி முடிந்த பின், "எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?" என்னும் கேள்வி வந்தது. மறுநாள் "உறவுக்காரர் வருகிறார்" என்னும் விடை வந்தது. சட்டத்தின் 4ஆம் பிரிவை நாம் எடுத்துக் கூறினோம். "சாதின்னு அவங்க வாயால சொல்லலையே ஐயா" என்றார் அம்மாணவி. நாம் வாயடைத்தோம்.

நான்காவதாகக் கிடைத்த இடம் ஒரு பழைய சலூனை ஒட்டிய அறை. அதன் உரிமையாளர் மருத்துவர் சமுதாயத்தைச் சேர்ந்த முதியவர். அவர் ஊரைக் கேட்கவில்லை. "சாமானெல்லாம் எதுல கழுவுவ பாப்பா?" என்று மட்டும் கேட்டாராம். கிருமிநாசினியில் ஊற வைப்பதை இவர் விளக்கியதும், சாவியைக் கொடுத்து, "ஆறு மாசத்துக்கு வாடகைக்கே வராது. கடையைத் தொறக்காம மட்டும் இருந்துடாதே" என்றாராம். அவர் கூறியபடியே நடந்தது.

அந்த ஆறு மாதத்தில் அவர் செய்தவற்றைத் தொழில் தொடங்குவோர் அறிதல் நலம். வருவோர் ஒவ்வொருவர்க்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினார்: என்ன செய்தோம், எந்தச் சாயம் இட்டோம், முன்னர் அரிப்பு வந்ததுண்டா என்பன. தலைச்சாயம் இடுவதற்கு இரண்டு நாள் முன்னரே காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்ப்பார். சாயத்திலுள்ள வேதிப்பொருள் சிலர்க்கு முகத்தையே வீங்கச் செய்யும். நம் மாவட்டத்து ஆழ்குழாய் நீர் பல இடங்களில் கடினமானது, ஃபுளோரைடு மிக்கது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்ததே அதற்காகத்தான். கடின நீரில் ஷாம்பு நுரைக்காது, முடி சுரசுரக்கும். அவர் கேன் தண்ணீர் வாங்கித் தலை அலசினார். "அந்தக் கடையில் முடி பூப்போல இருக்கிறது" எனப் பேச்சு எழுந்ததன் இரகசியம் அதுவே! ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மணப்பெண் ஒப்பனைக்கு அழைப்பு வாராத அம்மாதங்களில் புடவை கட்டுவிக்கவும் மருதாணி இடவும் பிற பெண்களுக்குக் கற்பித்து வாடகையை ஈட்டினார். வரவையும் செலவையும் நாள்தோறும் எழுதினார். அக்கணக்கே பின்னர் வங்கியில் முத்ரா கடன் கேட்டபோது அவருக்காகப் பேசிற்று.

ஒன்றில் அவர் பணம் இழந்தார். அதனை நாம் பாராட்டுகிறோம். "வெள்ளையாக்கு" எனக் கேட்டு வருவோர் பலர். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கியது. மக்கள் மனத்திலிருந்து அது நீங்கவில்லை. விரைவில் நிறம் மாற்றுவதாக விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து உள்ளது. அதனை நெடுநாள் தடவினால் தோல் மெலிந்து சிவந்து பருக்கள் எழும். ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் நடுவண் அரசு ஆணையிட்டது. நம் மாணவி அவற்றைக் கடையில் வைப்பதில்லை. கறுப்பு நிறத்தைக் காட்டித் தம்மை ஏசியவர்களைப் பள்ளி நாளிலேயே கண்டவர் அவர். அந்த ஏச்சைப் புட்டியில் அடைத்து விற்க மனம் வரவில்லை என்றார். கேட்டுவிட்டு வேறு கடைக்குச் சென்றவர்களும் உண்டு. வாக்கர் அம்மையாரையும் இதே வினா துரத்திற்று. கறுப்பினப் பெண்களை வெள்ளையர்போல் ஆக்க முயல்கிறார் எனச் சிலர் பழித்தபோது, தாம் முடியை நேராக்குவதற்கன்று, வளர்ப்பதற்கே மருந்து தருவதாக அவர் மறுத்தார்.

இன்று அம்மாணவியின் கடையில் மூன்று நாற்காலிகள் உள்ளன. இரண்டு பெண்கள் பணிபுரிகின்றனர். பக்கத்து முதியவர் காலமாகிவிட்டார். அவர் மகன் வாடகையை உயர்த்தியிருக்கிறார் என்பது வேறு செய்தி.

தாட்கோ நிறுவனம் நம் மாணவ மாணவியர்க்கு அழகுக்கலை, சிகையலங்காரப் பயிற்சிகளைக் கட்டணமின்றி அளித்து வந்துள்ளது. தொழில் தொடங்குவோர்க்கு மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்தது. விண்ணப்பம் நிரப்ப இயலாமலே பலர் பின்தங்குகின்றனர். ஆதலின் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் நம் சங்கப் படிப்பகத்தில் இதற்கென அமர்ந்திருப்போம். வருவோர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், இரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றை உடன் கொண்டு வருக. மேற்கூறிய மாணவியும் மாதத்தின் முதல் ஞாயிறன்று வர இசைந்துள்ளார். முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் வரமாட்டார்.